மங்கலச் செய்யுள் ஒன்றின் தொடரமைப்பும் தமிழாக்கமும்

வழிபாடு, இராமாயணப் பாராயணம் ஆகியவற்றின் நிறைவில், மக்கள் நலத்தையும் ஆள்வோரின் நெறி பிறழா ஆட்சியையும் வேண்டி ஓதப்பெறும் வடமொழிச் செய்யுள் ஒன்று இந்தியாவெங்கும் வழக்கில் உள்ளது. மந்திரம் என வழங்கப்பெறினும் இது அடிக்கு 11 அசைகள் கொண்ட இந்திரவஜ்ரா யாப்பில், நான்கு அடிகளில் அமைந்த வாழ்த்தாகும். இதன் முதலிரண்டு அடிகளைத் தமிழாக்குவதில் எழும் சிக்கல்களை இக்கட்டுரை விளக்குகிறது.

இவ்விரண்டு அடிகளிலும் இரு தொடர்கள் உள்ளன. ‘ஸ்வஸ்தி’ (நலம்) என்னும் சொல்லோடு இயையும் பெயர் நான்காம் வேற்றுமை ஏற்கும் என்பது பாணினியின் விதி (2.3.16). அதன்படி ‘ப்ரஜாப்ய:’ என்பது ‘மக்களுக்கு’ எனப் பொருள்படும். இத்தொடரில் வினைமுற்று வெளிப்படையாக இல்லை. ‘ஆகுக’ என்பது வருவித்துக் கொள்ளப்படும். அடுத்த தொடரின் எழுவாய் ‘மஹீசா:’ (நிலத்தை ஆள்வோர்), செயப்படுபொருள் ‘மஹீம்’ (நிலத்தை), பயனிலை ‘பரிபாலயந்தாம்’. இப்பயனிலை முதலடியிலேயே ‘ப்ரஜாப்ய:’ என்பதை அடுத்து நிற்கிறது. இதனால், மக்களே காத்தலின் செயப்படுபொருள் என மயங்க இடமுண்டு. வேற்றுமை உருபு அதற்கு இடந்தரவில்லை.

தமிழ்த் தொடரமைப்பு மற்றொரு மயக்கத்திற்கு வழிகோலுகிறது. அடுத்தடுத்து வரும் முற்றுத்தொடர்களை எச்சத்தால் இணைப்பது தமிழின் இயல்பு. ‘மக்கள் நலமுற’ எனச் செயவெனெச்சமாக்கினால், தனித்து வேண்டப்பட்ட மக்கள் நலம் ஆட்சியின் நோக்கமாகச் சுருங்கிவிடும். ‘காத்தலால்’ எனக் காரணப்பொருளில் இணைத்தால், அந்நலம் ஆள்வோரின் கொடையாகிவிடும். மூலம் இவ்விரண்டையும் கூறவில்லை. மக்களை முதலிலும் ஆள்வோரை அடுத்தும் வைத்து இரு வேண்டுதல்களைத் தனித்தனியே நிறுத்துகிறது.

வினைமுற்றைப் பெயர்ப்பதிலும் கருதத்தக்கன உள. ‘பரிபாலயந்தாம்’ என்பது படர்க்கைப் பன்மை ஏவல் வடிவம். வாழ்த்துப் பொருளில் வந்துள்ளது. இதற்கு இணையாக மூன்று தமிழ் வடிவங்களைக் கருதலாம். ‘காக்கட்டும்’ என்பது இசைவுப் பொருளும் தருவதால், ‘காத்தால் காக்கட்டும்’ என்னும் பாராமுகத் தொனிக்கு இடமாகிறது. ‘காக்க’ என்னும் வியங்கோள் செயவெனெச்சத்தோடு வடிவில் ஒன்றுகிறது. மேலும், வியங்கோள் தன்மை முன்னிலைகளில் நிலைபெறாது எனத் தொல்காப்பியம் கூற, நன்னூல் மூவிடத்திற்கும் உரியதாக்கியது. ஆகவே இவ்வடிவம் இடத்தைத் தெளிவாகக் காட்டுவதில்லை. ‘காப்பாராக’ என்பது படர்க்கையையும் பன்மையையும் காட்டுவதோடு வாழ்த்துப் பொருளையும் தாங்குகிறது.

ஆட்சியின் நெறியைக் குறிக்கும் ‘ந்யாய்ய’ என்னும் அடைமொழியும் கருதத்தக்கது. ‘நியாய’ என்பதோடு யத் விகுதி சேர்ந்து ‘அதனின்று விலகாத’ என்னும் பொருளைத் தரும் எனப் பாணினி விதித்துள்ளார் (4.4.92). ‘நியாயமான வழி’ என்னும் பெயர்ப்பில் இவ்விலகாமைப் பொருள் மறைகிறது. ‘நீதியினின்று வழுவாத’ என்பது மூலத்திற்கு நெருக்கமானது. இது மூன்றாம் வேற்றுமையில் நின்று காத்தல் நிகழவேண்டிய முறையை வரையறுப்பதால், இதனை வெறும் அணியாகக் கருதி விடுதல் பொருந்தாது.

உலகனைத்தும் இன்புற வேண்டும் நான்காம் அடி இன்று யோகப் பயிற்சிகளின் நிறைவில் தனித்தும் ஓதப்படுகிறது. அவ்வாறு ஓதும்போது ஆள்வோருக்கு விதிக்கப்பட்ட வரையறை கேட்போரை எட்டுவதில்லை. முழுச்செய்யுளைப் பெயர்ப்போர் முதல் தொடரை ‘ஆகுக’ எனவும் இரண்டாவதைக் ‘காப்பாராக’ எனவும் தனித்தனியே முடிப்பின், அவ்வரையறையும் மக்கள் நலத்தின் தனிநிலையும் ஒருங்கே காக்கப்படும்.