கடை மூடிய பின் கேமரா

குறைந்த செலவில் படம் எடுப்போருக்கு உள்ளூர் வணிகர் எளிதில் தரக்கூடியது பணமன்று, இடமும் பொருளுமே என்பதற்கு, அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் படமாக்கப்பட்டு 1994இல் வெளிவந்த 'கிளெர்க்ஸ்' தக்க சான்றாகும். இயக்குநர் கெவின் ஸ்மித், தாம் விற்பனையாளராக இருந்த லியோனார்டோ ஊர்க் கடையிலேயே படம்பிடிக்க இசைவு பெற்றார். ஆனால் பகல் வணிகம் தடைப்படக்கூடாது என்பதால், கடை மூடிய பின்னரே அங்கு கேமரா இயங்க முடிந்தது. கதையோ பகலில் நிகழ்வது. ஆகவே, பூட்டில் எவரோ சூயிங்கம்மை அடைத்துவிட்டதால் ஷட்டர் திறக்கவில்லை என்று திரைக்கதையில் காரணம் புனையப்பட்டு, வெளியிருள் மறைக்கப்பட்டது. நிபந்தனையே கதைக்குச் சுவை கூட்டியது எனலாம். படப்பிடிப்புக்கு ஆன செலவு ஏறத்தாழ 27,000 டாலர்.

பணத்திற்கு மாற்றாகச் சரக்கையோ உழைப்பையோ அளிப்பது பொருள்வழிப் பங்களிப்பு எனப்படும். பிட்ஸ்பர்க் வட்டாரத்தில் உருவான 'நைட் ஆஃப் த லிவிங் டெட்' (1968) படத்தில் உயிர்த்தெழுந்த பிணங்கள் உண்ணும் இறைச்சியையும் குடலையும், அதில் முதலீடு செய்திருந்த இறைச்சி வணிகர் ஒருவரே கொடுத்தார். இத்தகைய உதவியைக் கோருவோர், எந்நேரம் தொடங்கி எந்நேரம் முடியும், மின்கட்டணமும் சேதமும் யார் பொறுப்பு, பெயர்ப் பட்டியலில் கடைக்கு இடமுண்டா என்பவற்றை முன்னதாகவே எழுத்தில் வரையறுத்துக்கொள்வது, நட்பு எவ்வளவு நெருக்கமாயினும், இன்றியமையாதது.