கடைத் தூசி என்று விட்டுவிடலாமா?
ஈசினோபீலியா: வணிகர்கள் அறிய வேண்டியவை

நம் வணிகர்களில் பலர் இருமலை நோயாகவே எண்ணுவதில்லை. மிளகாய் வற்றல், மல்லி, மாவு, சாக்கு ஆகியவற்றோடு நாள் முழுதும் பழகுகிறோம். இருமல் வந்தால் "கடைத் தூசி" என்று சொல்லிவிட்டு வியாபாரத்தைக் கவனிக்கிறோம். இரவில் மூச்சு இளைக்கத் தொடங்கிய பிறகுதான் மருத்துவரிடம் போகிறோம். ரத்தத்தைச் சோதித்துவிட்டு, "ஈசினோபீலியா இருக்கிறது" என்கிறார் அவர். இது தனி நோயன்று. உடலுக்குள் வேறொரு கோளாறு இருப்பதைக் காட்டும் அடையாளம். அந்தக் கோளாறு எது என்று கண்டறிவதே முக்கியம்.

ஈசினோபில் என்பது ரத்த வெள்ளை அணுக்களில் ஒரு வகை. ஈசின் என்னும் சிவப்புச் சாயத்தைப் பற்றிக்கொள்வதால் இப்பெயர் பெற்றது. 1879இல் ஜெர்மன் மருத்துவர் பால் எர்லிக் இதை விவரித்தார். உடலில் புகும் புழுக்களை எதிர்ப்பது இதன் வேலைகளில் ஒன்று.

கணக்கு பார்க்கும் முறை

பரிசோதனைச் சீட்டில் சதவீதத்தை மட்டும் பார்ப்பது போதாது. மொத்த வெள்ளை அணுக்கள் 6,000 உள்ளவருக்கு 8 சதவீதம் என்றால் 480தான்; அது இயல்பே. 12,000 உள்ளவருக்கு அதே 8 சதவீதம் 960 ஆகிறது. ஒரு கன மில்லிமீட்டர் ரத்தத்தில் 500க்கு மேல் இருந்தால் அதிகம் என்று கொள்ள வேண்டும்.

காரணங்கள்

முதலாவது ஒவ்வாமை. ஆஸ்துமா, ஓயாத தும்மல், கரப்பான் ஆகியவை இதில் சேரும். மிளகாய் நெடி வெறும் எரிச்சலையே தரும்; மாவுத் தூசி, தானியத்தில் உள்ள நுண்ணிய உண்ணிகள், ஈரச் சாக்கில் படரும் பூஞ்சணம் ஆகியவை ஒவ்வாமையையே உண்டாக்கக்கூடும். இரண்டாவது கொக்கிப்புழு போன்ற குடற்புழுக்கள். மூன்றாவது சில மருந்துகள். வலிப்பு மருந்துகள் சிலவும் சல்பா மாத்திரைகளும் இதற்கு எடுத்துக்காட்டு. அரிதாக ரத்தப் புற்றுநோயும் காரணமாகலாம்.

நான்காவது, யானைக்கால் நோய்க் கிருமி. சாக்கடைக் கொசு கடிப்பதால் உடலில் புகும் இக்கிருமியின் குஞ்சுப் புழுக்கள் சிலருக்கு நுரையீரலில் சிக்கிக்கொள்கின்றன. கால் வீங்காது, ஆனால் இரவில் இருமலும் இளைப்பும் வாட்டும், எடை குறையும். எண்ணிக்கை 3,000ஐத் தாண்டும். மதனப்பள்ளிக் காசநோய் மருத்துவமனையைச் சேர்ந்த பிரிமோட் மோலரும் பார்ட்டனும், காசநோய் போலத் தோன்றும் இந்த நிலையை 1940இல் எழுதி வெளியிட்டனர். 1943இல் வைன்கார்ட்டன் என்ற மருத்துவர் இதற்கு 'வெப்பமண்டல ஈசினோபீலியா' என்று பெயரிட்டார். இன்றும் இதை ஆஸ்துமா என்றோ காசநோய் என்றோ தவறாக எண்ணிவிடுவதுண்டு. டை ஈதைல் கார்பமசின் மாத்திரையை மருத்துவர் சொல்லும் அளவில், பெரும்பாலும் மூன்று வாரம் வரை, சாப்பிட்டால் நன்கு குணம் தெரியும். கவனியாமல் விட்டால் நுரையீரல் தழும்பேறி, மூச்சுத் திணறல் நிலைத்துவிடும்.

விளைவுகள்

எந்தக் காரணத்தாலும் எண்ணிக்கை 1,500க்கு மேல் நீடித்தால், இந்த அணுக்கள் நம் உறுப்புகளையே தாக்கக்கூடும். இதயத்தின் உட்சுவர் தடித்து, ரத்தம் உறையலாம். நரம்புகள் பாதிக்கப்பட்டுக் கைகால் மரத்துப் போகலாம்.

ஒரு முக்கிய எச்சரிக்கை. மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு மாத்திரை இளைப்பை உடனே தணிக்கும்; எண்ணிக்கையையும் குறைத்துக் காட்டும். ஆனால் காரணம் உள்ளேயே மறைந்திருக்கும். நூற்புழு என்ற குடற்புழு உள்ளவருக்கு ஸ்டீராய்டு கொடுத்தால் அப்புழு உடலெங்கும் பரவி உயிருக்கே ஆபத்தாகலாம். சர்க்கரை நோயுள்ளோருக்குச் சர்க்கரையும் ஏறும்.

நாம் செய்ய வேண்டியவை

இருமல் இரண்டு வாரத்தைக் கடந்தால் சளிப் பரிசோதனை, ரத்தப் பரிசோதனை, மலப் பரிசோதனை ஆகியவற்றுக்கு மருத்துவரை அணுக வேண்டும். சாப்பிட்டுவரும் மருந்துகளையும் அவரிடம் சொல்ல வேண்டும். மாவும் மல்லியும் சலிக்கும்போது மூக்கையும் வாயையும் மூடிக்கொள்வது நல்லது. சாக்குகளை வெயிலில் உலர்த்தி அடுக்க வேண்டும். கிடங்கின் பின்புறம் சாக்கடை தேங்கவிடக் கூடாது. செருப்பின்றி ஈரமண்ணில் நடக்கக் கூடாது.

நமக்குச் சொல்வது நம் கடைகளில் சலிப்போருக்கும் மூட்டை சுமப்போருக்கும் பொருந்தும். தூசியை நம்மைவிட அதிகம் சுவாசிப்பவர்கள் அவர்களே. அவர்கள் இருமினால், சோதனைக்கு அனுப்பும் பொறுப்பு முதலாளிகளாகிய நமக்கு உண்டு.