கடையை விட்டுப் பன்னிரண்டு நாள்: இந்தோனேசியச் சுற்றுலாவுக்குத் திட்டமிடும் முறை

சிங்கப்பூர், மலேசியா போய் வந்த வணிகர்கள் நம் திருக்காட்டுப்பள்ளி வட்டாரத்தில் உண்டு. அடுத்து இந்தோனேசியா போகலாமா என்று கேட்கும் அன்பர்களுக்காக இக்கட்டுரை.

அந்நாட்டில் 17,000-க்கும் மேற்பட்ட தீவுகள் உள்ளன. மேற்குக் கோடிக்கும் கிழக்குக் கோடிக்கும் சுமார் 5,000 கிலோமீட்டர். சுமத்ராவிலும் ஜாவாவிலும் கடிகாரம் நமக்கு ஒன்றரை மணி நேரம் முன்னால் ஓடும். பாலியில் இரண்டரை மணி. தீவு விட்டுத் தீவு போனால் ஒரு பகல் கழிந்துவிடும். எல்லாவற்றையும் பார்க்க ஆசைப்படுபவர் விமான நிலையங்களைத்தான் பார்ப்பார். மூன்று இடங்கள் போதும்.

நாள் குறிப்பது

ஜாவாவிலும் பாலியிலும் நவம்பர் முதல் மார்ச் வரை மழை. மே முதல் செப்டம்பர் வரை வறண்ட காலம். நமக்கு ஆடியில் கல்யாணச் சாமான் வியாபாரம் இராது. மாதாமாதம் ஜி.எஸ்.டி. கணக்குத் தருபவர்களுக்கு 11, 20 ஆகிய தேதிகள் முக்கியம். ஆகவே ஜூலை 20-க்குள் கணக்கை முடித்து, 21-ல் புறப்பட்டு, ஆகஸ்டு 1-ல் திரும்பினால் ஆடிப்பெருக்குக்குக் கடையில் இருக்கலாம். பாலியில் அப்போது கூட்டம் அதிகம். அறையை முன்கூட்டியே பிடிக்க வேண்டும். ரம்ஜான் பண்டிகையை ஒட்டிய நாட்களைத் தவிர்க்கவும். ஊருக்குப் போகும் கூட்டத்தில் டிக்கெட் கிடைப்பது அரிது.

எங்கே போவது

திருச்சியிலிருந்து கோலாலம்பூர் வழியாக மேடான் நகரம் போகலாம். தோட்ட வேலைக்குச் சென்ற தமிழர்கள் வாழ்ந்த ஊர் அது. அங்குள்ள மாரியம்மன் கோயில் 1884-ல் கட்டப்பட்டது. அருகே தோபா ஏரி. ஏறக்குறைய 74,000 ஆண்டுகளுக்கு முன் வெடித்த எரிமலையின் வாய் அது. நாம் விற்கும் சாம்பிராணிக்குரிய பிசின் அந்த மேட்டுநிலத்து மரங்களில்தான் வடிக்கப்படுகிறது. இதற்கு நான்கு நாள்.

சுமத்ராவின் மேற்குக் கரையில் உள்ள பாரூஸ், பச்சைக் கற்பூரத்துக்குப் பெயர்பெற்ற பழைய துறைமுகம். ஐந்நூற்றுவர் என்ற தமிழ் வணிகர் சங்கம் 1088-ல் அங்கே தமிழில் கல்வெட்டுப் பொறித்தது. வரும் கப்பல்காரர்கள் கஸ்தூரியின் விலைக்கேற்பப் பொன் செலுத்த வேண்டும் என்பது ஏற்பாடு. நாம் சங்கத்துக்குக் கொடுக்கும் மகமையைப் போன்றதுதான். சாலைப் பயணம் நீண்டது. போக முடியாவிட்டாலும் செய்தியை அறிந்து போவது நல்லது.

பின்னர் ஜாவாவில் யோக்யகர்த்தா, மூன்று நாள். போரோபுதூர் புத்தர் கோயில் நம் பெரிய கோயிலைவிட ஏறத்தாழ 200 ஆண்டு மூத்தது. பிரம்பனான் சிவன் கோயில் 47 மீட்டர் உயரம். கடைசியாகப் பாலியில் மூன்று நாள். போக்குவரத்துக்கு இரண்டு நாள். கிராம்பு, ஜாதிக்காயின் தாயகமான மலுக்குத் தீவுகள் வெகு கிழக்கே உள்ளன; அதற்குத் தனிப் பயணம் வேண்டும்.

பணமும் காகிதமும்

பாஸ்போர்ட் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும். திரும்பும் டிக்கெட் கையில் இருக்கட்டும். இந்தியர்களுக்கு இறங்கியதும் 30 நாள் விசா தரும் ஏற்பாடு உண்டு. கட்டணம் 5 லட்சம் ரூப்பியா. பாலியில் 2024 முதல் தனியாக ஒன்றரை லட்சம் ரூப்பியா வசூலிக்கின்றனர். இலக்கத்தைக் கண்டு பயப்பட வேண்டாம். நம் ஒரு ரூபாய்க்கு நூறு ரூப்பியாவுக்கும் மேல் கிடைக்கும். விதிகள் மாறக்கூடியவை, புறப்படுமுன் விசாரிக்கவும். சுற்றுலா நிறுவனத்தின் மூலம் மொத்தமாகப் பதிவு செய்தால் டி.சி.எஸ். பிடிப்பார்கள். அது செலவன்று; வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். ரசீதைப் பத்திரப்படுத்தவும்.

சைவ அன்பர்கள் கவனிக்க: அங்குள்ள சம்பலில் பெரும்பாலும் இறால் விழுது சேரும். கேட்டுச் சாப்பிடவும்.

விற்பனைக்கென்று சரக்கு கொண்டுவந்தால் அது இறக்குமதி. அதற்கு இறக்குமதி எண்ணும் உணவுப் பாதுகாப்பு உரிமமும் வேண்டும். விதை, செடி எதையும் அனுமதியின்றிக் கொண்டுவரக்கூடாது. மாதிரி பார்த்து, விலை விசாரித்து வருவதே இலாபம். 2022 ஏப்ரல் 28-ல் அந்நாடு பாமாயில் ஏற்றுமதியை நிறுத்தியதும், மே 23-ல் மீண்டும் அனுமதித்ததும் நம் கடை விலைப்பலகைவரை எட்டின. சரக்கு வரும் நாட்டை ஒருமுறை நேரில் பார்த்தவருக்கு அடுத்த தடவை அத்தகைய செய்தியின் பொருள் சீக்கிரம் விளங்கும்.

புறப்படுமுன் சாவி, கொள்முதல், வசூல் மூன்றையும் யார் பார்ப்பது என்று எழுதி வையுங்கள். அந்தக் காகிதம் முடிந்த பிறகு டிக்கெட் வாங்குவதே வணிகருக்கு முறை.