வாசலில் விட்டுப்போன நாய்

(வானொலியில் ஒலிபரப்பான மறையுரையின் எழுத்து வடிவம்)



எங்கள் ஆலயத்துக்குப் பின்புறச் சந்தில் ஒரு குடும்பம் வாடகைக்குக் குடியிருந்தது. வேலை மாற்றலாகி வெளியூர் போனார்கள். கட்டில், பீரோ, பூந்தொட்டி எல்லாம் வண்டியில் ஏறின. நாய் மட்டும் ஏறவில்லை. கேட்டுக் கம்பியில், இரண்டு முழச் சங்கிலியோடு அப்படியே நின்றது. காலைத் திருப்பலிக்கு நான் போகும் வழி அது. ஒரு வாரம் அதைத் தாண்டித்தான் போனேன். சொந்தக்காரர் யாராவது வந்து அவிழ்த்துக்கொண்டு போவார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நல்ல சமாரியர் உவமையில் முதலில் விலகிப் போனவர் யார் என்று உங்களுக்குத் தெரியும். ஒரு குருதான்.

கடைசியில் அதை அவிழ்த்தவர், பங்கு இல்லத்தில் எங்களுக்குச் சமைத்துப்போடும் அக்கா. சங்கிலி அறுத்த கழுத்துப் புண்ணில் புழு வைத்திருந்தது. "கொஞ்சம் பெட்ரோல் ஊத்துங்க, புழு செத்துரும்" என்றார் ஓர் ஆட்டோக்காரர். நல்ல மனதோடு சொன்னதுதான். ஆனால் பெட்ரோலும் பினாயிலும் புழுவோடு சேர்த்து உயிருள்ள சதையையும் பொசுக்கிவிடும். சொறி பிடித்த நாய்க்கு வண்டியின் கழிவு ஆயிலைத் தடவுகிறார்களே, அதுவும் இப்படித்தான். நாய் அதை நக்கும், நஞ்சு உள்ளே போகும். சொறிக்கு மாத்திரையும் ஊசியும் இருக்கின்றன. அக்கா அதே ஆட்டோவில் நாயை ஏற்றி அரசு கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோனார். பட்டினி கிடந்த நாய்க்கு ஒரே வேளையில் வயிறு நிறையப் போடாமல், கொஞ்சம் கொஞ்சமாகப் பல வேளை கொடுக்கும்படி மருத்துவர் சொல்லி அனுப்பினார்.

நாயைக் கைவிட்டுப் போவது குற்றம் என்பதே நம்மில் பலருக்குத் தெரியாது. 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் அதைத் தெளிவாகச் சொல்கிறது. மிகக் குட்டையான, மிகக் கனமான சங்கிலியில் நெடுநேரம் கட்டிவைப்பதும், எப்போதும் கட்டியே கிடக்கும் நாயை உலவ விடாததும் அந்தச் சட்டப்படி கொடுமைதான். முதல்முறை குற்றத்துக்கு அதில் எழுதியிருக்கும் அபராதம் பத்து ரூபாய் முதல் ஐம்பது ரூபாய் வரை. இன்று அது இரண்டு டீக்கு ஆகும் காசு. இந்தச் சட்டம் வருவதற்கு வழிவகுத்தவர், மாநிலங்களவையில் தனிநபர் மசோதா கொண்டுவந்த சென்னை கலாக்ஷேத்ராவின் ருக்மிணி தேவி அருண்டேல் என்பதை இளைஞர்கள் அறிந்துகொள்ளட்டும்.

சரி, சிகிச்சைக்குப் பணம்? தெருவில் அடிபட்டுக் கிடந்த இன்னும் இரண்டு நாய்களையும் அக்கா சேர்த்துக்கொண்டார். ஊசி, மருந்து, ஆட்டோ வாடகை என்று செலவு ஏறியது. ஒரு ஞாயிறு அறிவிப்பில் நான் கைநீட்டினேன். திருப்பலி முடிந்ததும் ஒரு பெரியவர் சக்ரீஸ்துக்கு வந்தார். "சாமி, கோபிச்சுக்காதீங்க. பேத்திக்கு காலேஜ் ஃபீஸ் கட்ட வழியில்லாம நான் அலையுறேன். நீங்க பீடத்துல நின்னு நாய்க்குப் பணம் கேக்கிறீங்க."

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலை எடுத்து 2418-ஆம் எண்ணைப் படித்தேன். பெரியவர் அதைப் படித்திருக்க மாட்டார். ஆனால் அதில் பாதியை அவர் எனக்குச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். விலங்குகளைத் தேவையின்றித் துன்புறுத்துவது மனித மாண்புக்கே இழுக்கு என்கிறது அந்தப் பகுதி. அதே மூச்சில், மனிதரின் துயர் துடைக்க முதலில் போகவேண்டிய பணத்தை விலங்குகளுக்குச் செலவிடுவதும் தகாது என்கிறது. இரண்டில் ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு பேசுபவர்கள் இரு பக்கமும் இருக்கிறார்கள். இரண்டையும் சேர்த்துப் பிடித்தால்தான் திருச்சபை சொல்வது நமக்கு விளங்கும்.

விவிலியத்திலும் இப்படித்தான். ஏழை இலாசரின் புண்களை நாய்கள் நக்கின என்று லூக்கா எழுதுகிறார். இரக்கத்தால் நக்கின என்று பிரசங்கத்தில் உருக்கமாகச் சொல்வோம். யூதர்கள் நாயைத் தீட்டாகக் கருதியதால், அவருடைய அவலத்தின் உச்சத்தைக் காட்டவே அந்த வரி என்று சொல்லும் அறிஞர்களும் உண்டு. எப்படி இருந்தாலும் உவமையின் கேள்வி செல்வரைப் பார்த்துத்தான், நாய்களைப் பார்த்து அல்ல. அதே விவிலியத்தில், தோபியா பயணம் புறப்பட்டபோது இரபேல் வானதூதரோடு ஒரு நாயும் கூடவே போகிறது. பகைவனின் கழுதை சுமையோடு விழுந்து கிடந்தாலும் கை கொடுத்துத் தூக்கு என்கிறது விடுதலைப் பயண நூல்.

அந்தப் பெரியவரிடம் மறுநாள் நான் சொன்னது இதுதான். பங்கின் பொதுப்பணத்திலிருந்தோ ஏழைகள் நிதியிலிருந்தோ ஒரு காசும் நாய்க்குப் போகாது. திருப்பலியில் தட்டு வராது. பூசை முடிந்தபின் வாசலில் ஒரு மேசை இருக்கும், விருப்பம் உள்ளவர் மட்டும் கொடுக்கலாம். ஒவ்வொரு மருந்துச் சீட்டும் மாத முடிவில் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும். கணக்கை நானோ அக்காவோ வைத்துக்கொள்ளாமல், பங்குப் பேரவையில் இருவர் பார்ப்பார்கள். பேத்தியின் கட்டணத்தைப் பங்கின் கல்வி உதவியில் முதலில் எடுத்தோம். அதை நான் முன்பே கேட்டு அறிந்திருக்கவேண்டும்.

ஆனாலும் நாய்க்குச் செய்வது ஏழைக்குப் போகாத பணம் என்று முழுவதும் சொல்லிவிட முடியாது. வெறிநோயால் மனிதர் சாவதில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது வரை நாய்க்கடியால்தான் என்கிறது உலக நலவாழ்வு நிறுவனம். நோயின் அறிகுறி வந்தபின் பிழைப்பது மிக மிக அரிது. விடியற்காலையில் தெருவில் நடப்பவர் யார்? பால்காரர், பேப்பர் போடும் பையன், தூய்மைப் பணியாளர். தெருவில் விளையாடுவது காரில் பள்ளிக்குப் போகாத பிள்ளைகள். ஒரு பகுதியில் 70 விழுக்காடு நாய்களுக்குத் தடுப்பூசி போட்டுவிட்டால் அங்கே நோய் பரவும் சங்கிலி அறுந்துவிடும். நாய் கடித்தால் சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி எதுவும் வைக்காதீர்கள். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். அன்றே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். ஊசி அங்கே இலவசம். எல்லாத் தவணைகளையும் முடியுங்கள்.

"எல்லாத்தையும் புடிச்சுக் கொன்னுட்டா என்ன?" என்று கேட்பவர்களும் உண்டு. கடிபட்ட குழந்தையின் தாய் அப்படிக் கேட்டால் எனக்குக் கோபம் வராது. ஆனால் சென்னையில் நூறாண்டுக்கும் மேலாக அதைத்தான் செய்து பார்த்தார்கள். நாயும் குறையவில்லை, நோயும் குறையவில்லை. குப்பையில் உணவு கிடக்கும்வரை, காலியான தெருவுக்கு அடுத்த தெரு நாய் வந்துவிடும். மழைவெள்ளத்தில் தத்தளித்த குட்டிகளைத் தூக்கிவந்த விமானி கேப்டன் சுந்தரம் 1959-இல் தொடங்கிய புளூ கிராஸ் அமைப்பு, கருத்தடை செய்து தடுப்பூசி போடுவோம் என்று 1964-இலேயே சொன்னது. மாநகராட்சி அதைச் சோதனையாக ஏற்றுக்கொள்ள 1996 ஆயிற்று. பின்பு 2001-இல் அது நாடு முழுவதற்குமான விதியாகி, 2023-இல் புதுப்பிக்கப்பட்டது. கருத்தடை செய்து ஊசி போட்ட நாயைப் பிடித்த இடத்திலேயே விடுவது பொது விதி. பள்ளி, மருத்துவமனை போன்ற இடங்களுக்கு உச்ச நீதிமன்றம் 2025-இல் தனிக் கட்டளைகள் இட்டிருக்கிறது.

வெளியூர் போன அந்தக் குடும்பத்தலைவர் இரண்டு மாதம் கழித்து எனக்குத் தொலைபேசியில் பேசினார். புது வீட்டுக்காரர் நாய் கூடாது என்றாராம். பக்கத்து வீட்டார் பார்த்துக்கொள்வார்கள் என்று நம்பினாராம். பக்கத்து வீட்டாரிடம் கேட்டீர்களா என்றேன். பதில் இல்லை. அவரைத் திட்ட எனக்கு உரிமை இல்லை. நானும் ஏழு நாள் நம்பிக்கையோடு நடந்துபோனவன்தானே! வீடு மாறுபவர்கள், வளர்க்க முடியாத நிலைக்கு வந்தவர்கள், புறப்படுவதற்கு முந்தின நாள் சொல்லாமல் ஒரு மாதம் முன்பே சொல்லுங்கள். பங்கில் ஐந்நூறு குடும்பம் இருக்கிறது, விசாரித்துப் பார்க்கலாம்.

வாசல் மேசை ஞாயிறு இரண்டாம் திருப்பலிக்குப் பிறகு இருக்கும். பணம் வேண்டாம் என்றால் பழைய சாக்கு, போர்வை, நைந்த புடவை கொண்டுவாருங்கள். அந்தப் பெரியவர் மேசைப் பக்கம் இன்னும் வருவதில்லை. போன வாரம் அவர் மனைவி இரண்டு புடவையைக் கொடுத்துவிட்டு, "அவர்கிட்ட சொல்லாதீங்க சாமி" என்றார். நாய் இப்போது மணிக்கூண்டின் கீழே படுத்திருக்கிறது. கழுத்தில் அந்தத் தழும்பு மேல் முடி இன்னும் முளைக்கவில்லை.