ரோட்டரி என்ஜினைக் குறைந்த செலவில் மாற்றப் போகிறீர்களா?

பிரிட்டனில் செகண்ட் ஹேண்ட் கார் தேடுபவர்களின் கண்ணில் மாஸ்டா ஆர்எக்ஸ்-8 எப்படியும் பட்டுவிடும். நான்கு கதவுகள், நிமிடத்துக்கு 9,000 சுற்று வரை சீறும் ரோட்டரி என்ஜின், கூடவே ஆசை காட்டும் விலை. அந்த விலை இறங்கிக் கிடப்பதற்கு முதல் காரணமும் அதே என்ஜின்தான். வாங்கிய கொஞ்ச நாளில் என்ஜினை மாற்றவோ பிரித்துப் புதுப்பிக்கவோ வேண்டியிருக்கும் என்று தெரிந்தே பலர் இறங்குகிறார்கள். தெரியாமல் இறங்குபவர்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

இந்த என்ஜினில் பிஸ்டன் கிடையாது. முக்கோண வடிவ ரோட்டார்கள் இரண்டு, ஒவ்வொன்றும் 654 சிசி. முக்கோணத்தின் மூன்று முனைகளிலும் ஏபெக்ஸ் சீல் என்ற மெல்லிய பட்டை, ஹவுசிங்கின் உள்சுவரை உரசிக்கொண்டே ஓடும். 1967இல் காஸ்மோ ஸ்போர்ட் காரை வெளியிடுவதற்கு முன் மாஸ்டாவின் கெனிச்சி யமமோட்டோ குழுவைப் பாடாய்ப் படுத்தியது இந்த சீல் சுவரில் போட்ட வரிவரியான கீறல்கள்தான். அந்தச் சிக்கல் தீர்ந்தது. ஆனால் சீல் தேய்வது இன்றும் உண்டு. தேய்ந்தால் கம்ப்ரெஷன் இறங்கும். அமெரிக்காவில் 2004 முதல் 2008 வரையிலான ஆர்எக்ஸ்-8களின் என்ஜினுக்கு மாஸ்டாவே வாரன்டியை 8 ஆண்டு அல்லது 1,00,000 மைல் என்று நீட்டிக்க வேண்டிவந்தது. இன்று அந்தக் கார்கள் எல்லாமே அந்த வயதைத் தாண்டிவிட்டன.

ஆகவே காரோ, பழைய கார்களை உடைக்கும் யார்டில் கழற்றிய என்ஜினோ, எதை வாங்கினாலும் முதலில் கேட்க வேண்டியது கம்ப்ரெஷன் டெஸ்ட் அறிக்கை. சாதாரண பிஸ்டன் என்ஜினுக்கான கருவி இதற்கு உதவாது. அது ஒரு ரோட்டாருக்கு ஒரே அளவைத்தான் காட்டும். நமக்குத் தேவை மூன்று முகங்களின் அளவும் தனித்தனியாக. ரோட்டரிக்கென்றே உள்ள கருவியில் பார்த்து, ஸ்டார்ட்டர் சுற்றும் வேகத்தை நிமிடத்துக்கு 250 சுற்றுக்குச் சரிசெய்து எழுதிய தாளாக அது இருக்க வேண்டும். ஆர்எக்ஸ்-8க்கு மாஸ்டா சொல்லும் குறைந்தபட்சம் 680 கிலோபாஸ்கல். நல்ல நிலை என்றால் 830. வேகத்தைக் குறிப்பிடாத அளவை நம்பாதீர்கள். வேகமான ஸ்டார்ட்டர் மோட்டாரைப் பொருத்தினால் தேய்ந்த என்ஜினும் ஸ்டார்ட் ஆகிவிடும், அளவும் கூடுதலாகத் தெரியும். காரை நேரில் பார்க்கப் போனால் இருபது நிமிடம் ஓட்டி, நன்றாகச் சூடேறியதும் அணைத்து, உடனே மறுபடி ஸ்டார்ட் செய்து பாருங்கள். சூட்டில் இழுத்து இழுத்துக் கிளம்பினால் உள்ளே சீல் போயிருக்க வாய்ப்பு அதிகம்.

செலவை மிச்சம் பிடிக்கிறேன் என்று பலர் பணத்தைக் கோட்டைவிடுவது இதற்கு அடுத்த கட்டத்தில்தான். பழைய என்ஜின் ஏன் செத்தது என்று பார்க்காமல் வேறொன்றை உட்கார வைத்துவிடுகிறார்கள். இந்தக் காரில் இக்னிஷன் காயில் பலவீனமானால் எரியாத பெட்ரோல் கேடலிடிக் கன்வெர்ட்டருக்குள் போய் அங்கே எரியும். கன்வெர்ட்டர் உருகி அடைபடும். புகை வெளியேற வழியில்லாமல் சூடு என்ஜினுக்கே திரும்பும். அந்தக் காயிலையும் கன்வெர்ட்டரையும் அப்படியே விட்டுவைத்தால் புது என்ஜினுக்கும் அதே கதிதான். அடைப்புதானே என்று கன்வெர்ட்டரைக் கழற்றி எறிந்தால் வருடாந்தர எம்ஓடி பரிசோதனையில் கார் தேறாது. பிரித்துப் புதுப்பிக்கிறீர்கள் என்றால் சீல் மட்டும் மாற்றிய வேலைக்கு ‘முழு ஓவர்ஹால்’ என்று பில் போடப்படுகிறதா என்று கவனியுங்கள். ஹவுசிங்கின் குரோம் பூச்சு உரிந்திருந்தால் புது சீல் அதில் நிலைக்காது. பிரித்த நிலையில் படங்கள், அளந்த குறிப்பு, கழற்றிய பழைய பாகங்கள் மூன்றையும் கேட்டு வாங்குங்கள்.

இனி சட்டம். யாரிடம் வாங்கினீர்கள் என்பதைப் பொறுத்தே உங்கள் உரிமை. வியாபாரியிடம் வாங்கினால் 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டம் உங்கள் பக்கம். பழுது நிரூபணமானால் முதல் 30 நாளுக்குள் காரைத் திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் கேட்கலாம். அதன் பிறகு, சரிசெய்து தர வியாபாரிக்கு ஒரு வாய்ப்பு. அதுவும் தோற்றால் திருப்பிக் கொடுக்கலாம், ஓட்டிய அளவுக்குப் பணம் கழியும். ஆறு மாதத்துக்குள் வெளிப்படும் பழுது விற்கும்போதே இருந்ததாகவே சட்டம் கொள்கிறது. இல்லை என்று நிரூபிப்பது அவர் பொறுப்பு. ஆனால் முதல் 30 நாளில் திருப்பிக் கொடுக்கும்போது நிரூபிக்க வேண்டியது நீங்கள். காரின் வயதுக்கும் விலைக்கும் ஏற்ற தேய்மானத்தைப் பழுது என்று வாதாடவும் முடியாது. இதற்காகவும்தான் அந்த கம்ப்ரெஷன் தாள். ‘இருக்கும் நிலையில் விற்கப்படுகிறது’ என்று வியாபாரி ரசீதில் எழுதினாலும் அது செல்லாது.

தனிநபரிடம் வாங்கினால் இந்தப் பாதுகாப்பில் பெரும்பகுதி இல்லை. அவர் சொன்ன விவரம் உண்மையாக இருக்க வேண்டும், அவ்வளவே. ஆகவே விளம்பரத்தைப் படம் பிடித்து வையுங்கள். ‘என்ஜின் புதுப்பித்தது’ என்றால் எப்போது, எங்கே என்று எழுத்தில் கேளுங்கள். வியாபாரிகள் சிலர் தனிநபர்போல விற்பதுண்டு, அது குற்றம்.

யார்டு நடத்துபவரிடம் இணையத்தில் என்ஜின் வாங்கினால், வந்து சேர்ந்த 14 நாளுக்குள் வேண்டாம் என்று சொல்லலாம். காரில் பொருத்தி ஓட்டிய பிறகு மதிப்புக் குறைந்த அளவுக்குப் பணம் பிடிப்பார்கள். விலை 100 பவுண்டுக்கு மேல், 30,000 பவுண்டுக்குள் என்றால், அதில் ஒரு பகுதியையாவது கிரெடிட் கார்டில் கொடுங்கள். விற்றவர் கைவிரித்தாலும் கார்டு நிறுவனத்திடம் கேட்க முடியும்.

கேரேஜ் வேலை சரியில்லை என்றால், தகுந்த கவனத்தோடும் திறமையோடும் மறுபடி செய்து தரும்படி கேட்கும் உரிமை உண்டு. முடியாவிட்டால் கட்டணத்தைக் குறைக்கச் சொல்லலாம். பணம் தரும்வரை காரைப் பிடித்து வைக்க கேரேஜுக்கும் உரிமை உண்டு என்பதால் சண்டை போட்டுப் பயனில்லை. ‘ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன்’ என்று பில்லில் எழுதி, பணத்தைக் கட்டி, காரை எடுத்துக்கொண்டு பிறகு வழக்குப் போடுங்கள்.

என்ஜின் எண் மாறினால் வாகனப் பதிவைக் கவனிக்கும் டிவிஎல்ஏவுக்கும், என்ஜின் வகையே மாறினால் இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் மறக்காமல் தெரிவியுங்கள். மறைத்தால் விபத்தின்போது இழப்பீடு கிடைக்காமல் போகலாம்.

தகராறு வந்தால் முதலில் தேதியிட்ட கடிதம். கேரேஜ் மோட்டார் ஆம்பட்ஸ்மன் அமைப்பில் உறுப்பினர் என்றால் அங்கே கட்டணமின்றி முறையிடலாம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 10,000 பவுண்டு வரையிலான கோரிக்கைக்குச் சிறு வழக்கு நீதிமன்ற வழி இருக்கிறது. வக்கீல் இல்லாமலே நடத்தலாம். வழக்குப் போட ஆறு ஆண்டு அவகாசம், ஸ்காட்லாந்தில் ஐந்து. பிரச்சினை தீரும்வரை கழற்றிய என்ஜினை மட்டும் யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். சுயேச்சையான நிபுணர் பார்த்து அறிக்கை எழுத அது கையில் இருந்தாக வேண்டும்.