‘பேச்சுலர்ஸ் காலி பண்ணணும்’... அபார்ட்மென்ட் சங்கம் சொன்னா வெளியேறணுமா? சட்டம் சொல்வது என்ன?

ஞாயிற்றுக்கிழமை காலை லிஃப்ட் பக்கத்தில் ஒரு நோட்டீஸ். "இனி குடும்பங்களுக்கு மட்டுமே வீடு வாடகைக்கு விட வேண்டும். சேர்ந்து தங்கியிருக்கும் பேச்சுலர்கள் இந்த மாத இறுதிக்குள் காலி செய்ய வேண்டும். இப்படிக்கு, நிர்வாகக் குழு."

வேலைக்காகச் சென்னைக்கு வந்து, மூன்று நான்கு பேராகச் சேர்ந்து வீடு எடுத்துத் தங்குபவர்களுக்கு இப்படிப்பட்ட நோட்டீஸ் புதிதல்ல.

ஒரு உதாரணம். மதுரை, சேலம், நெல்லையில் இருந்து வந்த மூன்று பெண்கள் சோழிங்கநல்லூரில் ஒரு வீடு எடுத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். வாடகை 27,000 ரூபாய், தலைக்கு 9,000. அட்வான்ஸ் 81,000. 11 மாத அக்ரிமென்ட்டில் 4 மாதம்தான் முடிந்திருக்கிறது. நோட்டீஸைப் பார்த்ததும் இவர்கள் பெட்டியைக் கட்ட வேண்டுமா?

வேண்டாம். ஆனால், அந்த ‘வேண்டாம்’ சட்டப்படி நிற்க வேண்டும் என்றால் சில விஷயங்கள் கையில் இருக்க வேண்டும்.

காலி பண்ண வைக்கும் அதிகாரம் யாருக்கு?

வாடகை ஒப்பந்தம் என்பது வீட்டு உரிமையாளருக்கும் வாடகைதாரருக்கும் இடையே நடப்பது. அதில் சங்கம் கையெழுத்து போடவில்லை. அதனால், சங்கம் நேரடியாக வாடகைதாரரை வெளியேற்ற முடியாது.

சரி, சங்கத்தின் நெருக்கடியால் ஓனரே காலி பண்ணச் சொன்னால்? தமிழ்நாட்டில் வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்த 2017ல் கொண்டுவரப்பட்ட சட்டம், 2019 பிப்ரவரி 22 முதல் அமலில் இருக்கிறது. இதன்படி, ஒப்பந்தக் காலம் முடியும் முன் ஒருவரை வெளியேற்ற ஓனர் வாடகை நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். அதற்கான காரணங்களையும் சட்டமே பட்டியல் போட்டிருக்கிறது. வாடகை பாக்கி, ஓனரின் எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாமல் வீட்டை வேறொருவருக்குக் கொடுப்பது, நோட்டீஸ் கொடுத்த பிறகும் வீட்டைத் தவறாகப் பயன்படுத்துவது போன்றவை அதில் உண்டு. ‘கல்யாணம் ஆகவில்லை’ என்பது அந்தப் பட்டியலில் இல்லை. ‘சங்கம் சொல்லிவிட்டது’ என்பதும் இல்லை.

அப்போ சங்கத்தின் தீர்மானத்துக்கு மதிப்பே இல்லையா?

இருக்கிறது. ஆனால் எல்லா நோட்டீஸுக்கும் இல்லை. சென்னையில் பல குடியிருப்போர் சங்கங்கள், தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975ன் கீழ் பதிவானவை. இப்படிப்பட்ட சங்கத்துக்கு ‘பை-லா’ எனப்படும் துணை விதிகள் இருக்கும். அதை மாற்ற வேண்டும் என்றால், பொதுக்குழுவைக் கூட்டி சிறப்புத் தீர்மானம் நிறைவேற்றி, பதிவாளரிடம் பதிவு செய்ய வேண்டும். நாலு பேர் கமிட்டி கூடிப் பேசி வாட்ஸ்அப் குரூப்பில் போடுவது பை-லா ஆகிவிடாது.

முறைப்படி விதி கொண்டுவந்தாலும் அது முதலில் கட்டுப்படுத்துவது உறுப்பினரான வீட்டு உரிமையாளரைத்தான். அந்த விதி செல்லுமா என்று சங்கத்தோடு மோத வேண்டியவரும் அவர்தான். ஓனர் நம் பக்கம் நிற்கிறாரா என்பது இதனால்தான் முக்கியமாகிறது.

‘இது பாகுபாடு’ என்று வழக்குப் போட முடியுமா?

பலரும் நினைப்பது போல இது எளிதல்ல. அரசியலமைப்பின் 15வது பிரிவு மதம், இனம், சாதி, பாலினம், பிறந்த இடம் ஆகியவற்றின் அடிப்படையில் அரசு பாகுபாடு காட்டுவதைத் தடுக்கிறது. திருமணம் ஆனவரா, ஆகாதவரா என்பது அதில் வரவில்லை. குடியிருப்புச் சங்கமும் அரசு அல்ல. அகமதாபாத்தில் பார்சி சமூகத்தினருக்கு மட்டும் என்று இருந்த ஒரு வீட்டுவசதிச் சங்கத்தின் உறுப்பினர் விதியை, 2005ல் உச்ச நீதிமன்றமே ஏற்றுக்கொண்டது.

ஆகவே, புதிதாக வீடு தேடும்போது ‘ஃபேமிலிக்கு மட்டும்தான்’ என்று கதவை மூடினால், அதைத் திறக்க வைப்பது கஷ்டம். ஆனால், ஒப்பந்தம் போட்டு உள்ளே குடியிருப்பவரின் நிலை வேறு. அவருக்கு வாடகைச் சட்டத்தின் பாதுகாப்பு இருக்கிறது.

மகாராஷ்டிராவில் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கங்களுக்கான மாதிரி விதிகள் ஒரு படி மேலே போகின்றன. வீட்டை வாடகைக்கு விட சங்கத்திடம் முன் அனுமதி வாங்கத் தேவையில்லை. முன்கூட்டியே எழுத்து மூலம் தகவல் சொன்னால் போதும் என்கின்றன.

சங்கத்தின் பக்கம் நியாயம் இருக்கும் இடங்கள்

3 பேர் என்று அக்ரிமென்ட் போட்டுவிட்டு 7 பேர் தங்குவது, ஓனருக்குத் தெரியாமல் புதிய ரூம்மேட்டிடம் தனியாக வாடகை வாங்குவது, நள்ளிரவு சத்தம் போன்றவற்றைச் சங்கம் கேள்வி கேட்கலாம். முதல் இரண்டும் ஓனருக்கே வெளியேற்றும் காரணமாகவும் மாறலாம். வீட்டையே பணம் வாங்கி நடத்தும் ஹாஸ்டலாக மாற்றினால் கதையே வேறு. பெண்கள் விடுதி நடத்த 2014ஆம் ஆண்டு தமிழ்நாடு சட்டப்படி உரிமம் தேவை.

தண்ணீரை நிறுத்தினால்? கேட்டில் மறித்தால்?

வாடகைதாரர் குடியிருக்கும் வீட்டுக்கான தண்ணீர், மின்சாரம் போன்ற அத்தியாவசிய வசதிகளை ஓனரோ, அவர் சார்பில் வேறு யாரோ நிறுத்தக் கூடாது என்கிறது 2017 சட்டம். மீறினால், வாடகை ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். சங்கமே தன்னிச்சையாக நிறுத்தினால், சிவில் நீதிமன்றத்தில் தடை உத்தரவு கேட்க வழி இருக்கிறது.

குடியிருப்பவரை உள்ளே விடாமல் செக்யூரிட்டி மறித்தால், பாரதிய நியாய சன்ஹிதாவின் 126வது பிரிவின் கீழ் போலீஸில் புகார் கொடுக்கலாம். அவசரத்துக்கு 112.

நோட்டீஸ் வந்தால் என்ன செய்யணும்?

* எழுத்துப்பூர்வ அக்ரிமென்ட் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். 11 மாதம் என்றாலும் அதை வாடகை ஆணையத்தில் பதிவு செய்து பதிவு எண் வாங்க வேண்டும். ஒப்பந்தமே போடாமல் இருப்பதும் வெளியேற்ற ஒரு காரணம் ஆகிவிடும்.

* தங்கியிருக்கும் எல்லோர் பெயரும் அக்ரிமென்ட்டில் இருக்கட்டும். ஒருவர் போய் இன்னொருவர் வந்தால், ஓனரின் சம்மதத்தை எழுதி வாங்குங்கள்.

* ‘எந்த பை-லா விதியின்படி இந்த நோட்டீஸ்?’ என்று கேட்டு, ஓனர் மூலம் சங்கத்துக்குக் கடிதம் அனுப்பச் சொல்லுங்கள்.

* வாடகையை நிறுத்தாதீர்கள். வங்கி மூலமோ யுபிஐ மூலமோ கட்டினால் ஆதாரம் இருக்கும்.

* மிரட்டல் மெசேஜ்களை அழிக்காமல் வையுங்கள்.

* இலவச சட்ட உதவிக்கு 15100 என்ற எண்ணை அழைக்கலாம். பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமல் இந்த உதவி கிடைக்கும்.

சோழிங்கநல்லூர் உதாரணத்துக்கே வருவோம். மூவரின் பெயரும் அக்ரிமென்ட்டில் இருந்து, வாடகையும் தவறாமல் கட்டியிருந்தால், மீதமுள்ள 7 மாதமும் அந்த வீட்டில் இருக்க அவர்களுக்கு உரிமை உண்டு. 12வது மாதம் ஓனர் புதுப்பிப்பாரா என்பது அவர் கையில். அதனால், தங்கவும் செய்யலாம், பக்கத்தில் அடுத்த வீட்டைத் தேடவும் ஆரம்பிக்கலாம். ஆனால், மாதக் கடைசிக்குள் வேறு வீடு கிடைக்காமல் நடுத்தெருவில் நிற்க வேண்டிய கட்டாயம் இல்லை.