லூஃபி கூட்டத்துல ஒரு தமிழ்ப் பொண்ணு!

'ஒன் பீஸ்' அனிமே 1999-ல ஆரம்பிச்சு இன்னும் முடியல. ஆயிரம் எபிசோடுக்கு மேல போயாச்சு. அவ்ளோ டேட்டாவுக்கு எங்க போறதுன்னு மலைக்கிறீங்களா? நெட்ஃப்ளிக்ஸ்ல நிஜ நடிகர்களை வெச்சு எடுத்த சீரிஸ்ல இருந்து தொடங்குங்க. 2023 ஆகஸ்ட்ல வந்த முதல் சீசன் வெறும் 8 எபிசோடுதான்.

ரப்பர் மாதிரி நீளுற லூஃபியா மெக்சிகோ பையன் இன்யாகி கொடோய். வாள்வீரன் ஸோரோவா மக்கென்யு. ஜப்பான் ஆக்‌ஷன் ஸ்டார் சோனி சிபாவோட மகன். வாளைத் தூக்குற ஸ்டைல்லயே தெரிஞ்சுடும்! நாமியா எமிலி ரட், உசோப்பா ஜேக்கப் ரொமேரோ, சஞ்சியா டாஸ் ஸ்கைலர்.

ரெண்டாவது சீசன் வர்றதுக்குள்ள சங்கரன்கோவில்ல ஆடித்தபசே ரெண்டு தடவை முடிஞ்சிருச்சு. ஆனா, காத்திருந்தது வீண் இல்ல. மிஸ் வெட்னஸ்டேவா வர்றது சரித்ரா சந்திரன். பிறந்தது ஸ்காட்லாந்து, பெற்றோருக்குப் பூர்வீகம் தமிழ்நாடு. 'பிரிட்ஜர்ட்டன்' எட்வினாவேதான். அதுல 'அப்பா'ன்னு நம்ம வார்த்தை கேட்டு எத்தனை பேர் ரீவைண்ட் பண்ணினீங்க?

ஸ்பாய்லர் வேணாம்னா இங்கேயே நிறுத்திக்கோங்க. மிஸ் வெட்னஸ்டே உண்மையில இளவரசி விவி. அனிமேயில வெள்ளைத் தோல், நீல முடி. அதனால 'இந்த நிறத்துல விவியா?'ன்னு இணையத்துல சிலர் முகம் சுளிச்சாங்க. விவியோட நாடு அலபாஸ்டா முழுக்கப் பாலைவனம், மக்களே! நம்ம ஊர் சித்திரை வெயில்ல ரெண்டு தெரு நடந்தவங்களுக்கு இதை விளக்கணுமா என்ன?

நிறத்தை வெச்சுப் பட்ட பேச்சைப் பத்தி சரித்ராவே வெளிப்படையா பேசியிருக்காங்க. அடுத்த தடவை ஃபேர்னஸ் கிரீமோட வர்ற சித்தியைப் பக்கத்துல உட்கார வெச்சு இந்த சீசனைப் போட்டுவிடுங்க.